சுட்ட பிறகுதான் வேலை: விஸ்கான்சின் மான் வேட்டை கேள்வி பதில்

தேங்க்ஸ்கிவிங்குக்கு (நவம்பரின் நான்காம் வியாழன்) முந்தைய சனிக்கிழமை தொடங்கும் 9 நாள் துப்பாக்கிப் பருவத்தில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலக் காடுகளில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இறங்குகிறார்கள். அலுவலக நண்பர்களுடன் போய்ப் பழகி, இப்போது தாங்களே லைசென்ஸ் எடுக்கும் நம்மவர்களும் அதில் உண்டு. இந்த இதழுக்கு வந்த கேள்விகள் பெரும்பாலும் அவர்களுடையவை. விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியவை. மாநில இயற்கை வளத் துறையின் அந்த ஆண்டுக் கையேட்டையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் எச்-1பி விசாவில் இருக்கிறேன். மான் வேட்டைக்குப் போகலாமா? விசாவில் இருப்பவர் துப்பாக்கியைத் தொட்டாலே குற்றம் என்கிறார் ஒரு நண்பர். லைசென்ஸ் இருந்தால் போதும் என்கிறார் இன்னொருவர்.
– வாசகர், மேடிசன்

இரண்டு பேர் சொல்வதிலும் பாதி உண்மை. குடியேற்றம் அல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்பதுதான் மத்திய சட்டத்தின் பொது விதி. அதில் உள்ள விதிவிலக்குகளில் ஒன்று, அமெரிக்க மாநிலம் ஒன்று கொடுத்த, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ் கையில் இருப்பது. ஆகவே வரிசை முக்கியம்: முதலில் லைசென்ஸ், அப்புறம்தான் துப்பாக்கி. நண்பரிடம் ஒரு நாளுக்கு இரவல் வாங்கினாலும், கொட்டகையில் அவருடைய துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு நின்றாலும் சட்டத்தின் கண்ணில் அது வைத்திருப்பதுதான்.

1973 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பின்னரோ பிறந்தவர் என்றால், லைசென்ஸ் வாங்க வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ் வேண்டும். 18 வயது நிரம்பியவர்கள் பயிற்சியை முழுவதும் இணையத்திலேயே முடிக்கலாம். உங்களைப் போன்றவர்களுக்கு அதுதான் பொருத்தம்; நேரடி வகுப்புகளில் துப்பாக்கியைக் கையில் கொடுப்பார்கள், அப்போது உங்களிடம் லைசென்ஸ் இருக்காது. சான்றிதழ் வந்ததும் மாநிலத்தின் 'கோ வைல்ட்' தளத்தில் லைசென்ஸ் வாங்கலாம். கடையில் துப்பாக்கி வாங்கும்போது நிரப்பும் 4473 படிவத்தோடு அந்த லைசென்ஸையும் காட்ட வேண்டும்.

பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. விஸ்கான்சின் லைசென்ஸ் மார்ச் 31-ஓடு முடிந்துவிடும். நவம்பரில் வாங்கிய லைசென்ஸை நம்பி ஏப்ரலில் துப்பாக்கி அலமாரியில் கிடந்தால், அன்று முதல் விதிவிலக்கு இல்லை. புதிய ஆண்டின் வேட்டை லைசென்ஸ் ஒன்றை, சிறு விலங்கு லைசென்ஸாக இருந்தாலும், இடைவெளி விடாமல் எடுத்துவிடுங்கள். மனைவி எச்-4 விசாவில் இருந்தால் உங்கள் லைசென்ஸ் அவருக்குச் செல்லாது. பெட்டகத்தின் சாவி அவர் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும். கிரீன் கார்டு இருப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

வில்லும் கிராஸ்போவும் (விசையை இழுத்து எய்யும் வில்) மத்திய சட்டப்படி துப்பாக்கி அல்ல. விஸ்கான்சினில் அவற்றுக்கான பருவம் செப்டம்பர் நடுவிலேயே தொடங்கிவிடும். விசாவில் இருக்கும் புதியவருக்கு எங்கள் பரிந்துரை கிராஸ்போதான். எப்படியானாலும் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒருமுறை கேட்டுவிட்டே தொடங்குங்கள். இதில் தவறினால் அபராதத்தோடு நிற்காது, விசாவும் போகும்.

ஆரஞ்சு நிற உடை கட்டாயம் என்கிறார்கள். மானுக்கு அது தெரியாதா? குளிருக்கு எத்தனை சட்டை போட வேண்டும்?
– வாசகர், கிரீன் பே

துப்பாக்கிப் பருவத்தில் இடுப்புக்கு மேலே வெளியில் தெரியும் உடையில் பாதியாவது பளிச்சென்ற ஆரஞ்சாக இருக்க வேண்டும். தொப்பி போட்டால் அதிலும் பாதி. 2016 முதல் பளிச்சென்ற இளஞ்சிவப்பும் செல்லும். மானின் கண்ணில் நிறம் பிரிக்கும் கூம்புகள் இரண்டு வகைதான். நீலம் நன்றாகத் தெரியும், ஆரஞ்சு மங்கலாகத்தான் தெரியும். நீல ஜீன்ஸ்தான் உங்களைக் காட்டிக்கொடுக்கும். துணியை வெளுப்பாகக் காட்டும் சோப்புத்தூளும் அப்படித்தான். அதில் உள்ள ஒளிரும் பொருள் நீலமாக மினுங்கும். வேட்டை உடையை மணமும் மினுக்கும் சேர்க்காத சோப்பில் துவையுங்கள்.

குளிரைப் பொறுத்தவரை எண்ணிக்கை முக்கியமல்ல, வியர்வைதான் எதிரி. பருத்தி பனியன் வியர்வையைக் குடித்து வைத்துக்கொண்டு, உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் உடம்பைச் சில்லிட வைக்கும். உடம்போடு ஒட்டி மெரினோ கம்பளி அல்லது பாலியஸ்டர், அதன்மேல் ஃப்ளீஸ், எல்லாவற்றுக்கும் மேலே காற்றுப் புகாத கோட்டு. அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு நடக்காதீர்கள். முதுகில் கட்டிக்கொண்டு போய், உட்கார்ந்து மூச்சு தணிந்த பிறகு போடுங்கள். நடக்கும்போது ஆரஞ்சு மேல்சட்டை மட்டும் வெளியே தெரியட்டும். பூட்ஸ் இறுக்கமாக இருக்கும்போது இரண்டு சாக்ஸ் போட்டால் ரத்த ஓட்டம் தடைப்பட்டு ஒரு சாக்ஸைவிட அதிகம் குளிரும். அரை அளவு பெரிய பூட்ஸ், ஒரு தடித்த கம்பளி சாக்ஸ், பாதத்துக்கு அடியில் ஒரு துண்டு ஃபோம் அட்டை. பனித்தரையில் நேராகக் கால் வைத்து மூன்று மணி நேரம் உட்கார யாராலும் முடியாது.

ரைஃபிளில் புது ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) மாட்டினேன். 100 கெஜத்தில் வைத்த அட்டையில் ஒரு தோட்டாகூடப் படவில்லை. ஒன்றரைப் பெட்டி தீர்ந்துவிட்டது.
– வாசகர், ஈகன், மினசோட்டா

100 கெஜத்தில் தொடங்கியதுதான் பிழை. 25 கெஜத்துக்கு வாருங்கள். அதற்கு முன் தோட்டா இல்லை என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, ஸ்கோப்பின் அடித்தட்டுத் திருகுகளையும் வளையத் திருகுகளையும் சரிபாருங்கள். "ஸ்கோப் கெட்டுவிட்டது" என்று வருபவற்றில் பெரும்பாலானவை அடித்தட்டுத் திருகு தளர்ந்தவைதான். தயாரிப்பாளர் சொல்லும் இறுக்கத்துக்கு, இறுக்கத்தை அளக்கும் டார்க் (torque) ஸ்குரூடிரைவரால் முடுக்குங்கள், கைக்கணக்கு வேண்டாம். போல்ட் வகை ரைஃபிள் என்றால் போல்ட்டைக் கழற்றி, மணல்மூட்டைமேல் அசையாமல் வைத்து, குழலுக்குள் பின்பக்கமாகப் பாருங்கள். அட்டையின் மையம் குழலின் நடுவில் தெரியும்போது ஸ்கோப்பின் குறுக்குக்கோடும் அங்கேயே நிற்கும்படி திருகுங்கள். இதைச் செய்தால் முதல் தோட்டாவே அட்டையில் விழும்.

பிறகு 3 தோட்டா சுட்டு, மூன்றின் நடுப்புள்ளியை அளந்து திருத்துங்கள். ஒன்றைச் சுட்டு ஒன்றைத் திருகிக்கொண்டே போனால் முடிவே வராது. வழக்கமான ஸ்கோப்பில் ஒரு கிளிக் என்பது 100 கெஜத்தில் கால் இன்ச். 25 கெஜத்தில் அது பதினாறில் ஒரு இன்ச்தான். உதாரணமாக 25 கெஜத்தில் 2 இன்ச் கீழே, 1 இன்ச் இடப்புறம் விழுந்தால் மேலே 32 கிளிக், வலப்புறம் 16 கிளிக். 8 கிளிக் திருகிவிட்டு "நகரவே இல்லையே" என்று குழம்புவது இதனால்தான். 25-ல் மையத்தில் பட்டால், .308 போன்ற தோட்டா 100 கெஜத்தில் சுமார் 2 முதல் 3 இன்ச் மேலே படும். அங்கே மறுபடி 3 சுட்டு மையத்துக்கு இறக்குங்கள். குழல் கையில் சுடும் அளவுக்குச் சூடானால் ஆறவிடுங்கள். காட்டில் நீங்கள் சுடும் முதல் தோட்டா குளிர்ந்த குழலிலிருந்துதான் போகும்.

காட்டுக்குக் கொண்டுபோகும் அதே தோட்டாவால் சரிபார்க்க வேண்டும். ஈயத் தோட்டாவில் சரிபார்த்துவிட்டு செம்புத் தோட்டாவோடு போனால் படும் இடம் மாறும். செம்பை நாங்கள் விரும்புவதற்கு காரணம் உண்டு: ஈயம் உள்ளே சிதறி, காயத்திலிருந்து தள்ளியிருக்கும் கறியிலும் கண்ணுக்குத் தெரியாத துகளாகக் கலக்கிறது. வீட்டில் குழந்தைகள் சாப்பிடுகிறார்கள் என்றால் செம்பே வாங்குங்கள்.

கடைசியாக, மேசையை விட்டு எழுந்து, காட்டில் உட்காரப்போவது போலவே உட்கார்ந்து, 8 இன்ச் காகிதத் தட்டு ஒன்றைச் சுடுங்கள். எந்தத் தூரம்வரை எல்லாத் தோட்டாவும் தட்டுக்குள் விழுகிறதோ, அதுதான் உங்கள் எல்லை. 80 கெஜம் என்றால் 80 கெஜம். அதற்கு அப்பால் எவ்வளவு பெரிய கொம்பன் நின்றாலும் விரலை விசையில் வைக்காதீர்கள்.

மரத்தில் கட்டிய பரணில் ஏற ஹார்னஸ் (உடம்பில் பூட்டும் பாதுகாப்பு வார்) அவசியமா? 12 அடிதானே?
– வாசகர், வாகேஷா

12 அடியிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்விழந்தவர்கள் இருக்கிறார்கள். விழுவது உட்கார்ந்திருக்கும்போது அல்ல. ஏணியிலிருந்து பரணுக்குக் கால் மாற்றும் அந்த ஓர் அடியில்தான். அதனால் மேலே போய் மாட்டும் ஹார்னஸ் பாதிப் பாதுகாப்புதான். அடியிலிருந்து மேல்வரை தொங்கும் உயிர்க்கயிறு ஒன்று கட்டி, அதில் வழுக்கி ஏறி, பாரம் விழுந்தால் இறுகிக்கொள்ளும் புருசிக் முடிச்சில் ஹார்னஸைத் தரையிலேயே மாட்டிவிட்டு ஏறுங்கள். உட்கார்ந்த பிறகு மரத்தில் கட்டும் வார் தலைக்கு மேலே, தொய்வு இல்லாமல் இருக்க வேண்டும். தொங்கிவிட்டால் தொடை வார் ரத்த ஓட்டத்தை நிறுத்தும்; சில நிமிடங்களிலேயே ஆபத்து. கால் ஊன்றி நிற்க ஒரு கயிற்று வளையத்தை ஹார்னஸிலேயே வைத்திருங்கள்.

துப்பாக்கியைத் தோளில் போட்டு ஏறாதீர்கள். தோட்டாவை எடுத்துவிட்டு, குழல்வாய் கீழே பார்க்கும்படி கயிற்றில் கட்டி மேலே இழுங்கள். போன வருடம் கட்டிய பரண் என்றால், வாரை அணில் கடித்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மரம் பருத்து வார் பட்டைக்குள் புதைந்திருந்தால் அந்த வாரை மாற்றித்தான் ஆக வேண்டும்.

மானைச் சுட்டேன். விழவில்லை, ஓடிவிட்டது. உடனே பின்னாலேயே ஓடித் தேடினோம், கிடைக்கவில்லை. எங்கே தவறு?
– வாசகர், ஆப்பிள்டன்

உடனே ஓடியதுதான் தவறு. நன்றாகப் பட்ட மானும் 50, 100 கெஜம் ஓடும். துரத்தாவிட்டால் பக்கத்திலேயே படுத்து அங்கேயே உயிர்விடும். துரத்தினால், காயத்தோடு அரை மைல் போகும்.

சுட்டதும் அசையாதீர்கள். மான் நின்ற இடத்தையும் கடைசியாக மறைந்த இடத்தையும், பக்கத்தில் உள்ள மரத்தையோ பாறையையோ வைத்து மனதில் குறியுங்கள். கீழே இறங்கியதும் காடு வேறு மாதிரி தெரியும். கடிகாரத்தைப் பாருங்கள். அரை மணி கழித்து, மான் நின்ற இடத்துக்கு மட்டும் போய் ரத்தத்தைப் படியுங்கள். இளஞ்சிவப்பாக, சிறு குமிழ்களோடு நுரைத்திருந்தால் நுரையீரல், மெதுவாகப் பின்தொடரலாம். கருஞ்சிவப்பாகக் குமிழில்லாமல் இருந்தால் ஈரல். திரும்பிப் போய் 4 முதல் 6 மணி நேரம் காத்திருங்கள். ரத்தம் குறைவாக, பச்சையோ பழுப்போ கலந்து, அரைத்த புல்லின் புளித்த வாடை வந்தால் குடல். 8 முதல் 12 மணி நேரம். முதுகைக் கூனிக்கொண்டு மெல்ல நடந்து போன மானும் பெரும்பாலும் குடலில் பட்டதுதான். காத்திருப்பது மனதுக்குக் கஷ்டம். ஆனால் அந்த மானுக்குச் செய்யக்கூடிய நியாயம் அது ஒன்றே.

தொடரும்போது ரத்தத் தடத்தின்மேல் நடக்காமல் பக்கவாட்டில் நடங்கள். கடைசியாகக் கண்ட சொட்டில் ஒரு கழிப்பறைக் காகிதத் துண்டை வைத்துவிட்டு அடுத்ததைத் தேடுங்கள். துண்டுகளைத் திரும்பிப் பார்த்தால் மான் போகும் திசை கோடாகத் தெரியும். இலையின் அடிப்பக்கம், இடுப்பு உயரப் புல்லின் ஓரம் எல்லாம் பாருங்கள்; ரத்தம் விலாவிலிருந்து பூசும், தரையில் மட்டும் சொட்டாது. தடம் அற்றுப்போனால் கயிற்றில் கட்டிய மோப்ப நாயை அழைக்கலாம், விஸ்கான்சினில் அதற்கு அனுமதி உண்டு. அடுத்தவர் நிலத்துக்குள் போயிருந்தால் கேட்காமல் வேலி தாண்டாதீர்கள்.

இவ்வளவும் வேண்டாமென்றால், சுடும் கணத்தில் பொறுமை வேண்டும். மான் பக்கவாட்டில் நிற்கும்போது, முன்னங்காலுக்கு ஒட்டிப் பின்னால், உடம்பின் உயரத்தில் அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு. நேர் எதிரே பார்த்தோ பின்புறம் காட்டியோ நின்றால் சுடாதீர்கள். பின்னால் இன்னொரு மான் நின்றாலும் சுடாதீர்கள்.

குடலை எடுக்கும்போது இரைப்பை கிழிந்து நாறிவிட்டது. சரியான முறை என்ன?
– வாசகர், லா கிராஸ்

கத்தியை ஆழமாக இறக்கினால் அப்படித்தான் ஆகும். மானை மல்லாக்கப் போட்டு, தலைப்பக்கம் மேடாக இருக்கட்டும். நைட்ரைல் கையுறை போடுங்கள். ஆசனவாயைச் சுற்றி வட்டமாக வெட்டி, தளர்த்தி, நூலால் இறுக்கிக் கட்டிவிடுங்கள். அடிவயிற்றில் தோலைக் கிள்ளித் தூக்கி, ஒரு சிறு துளை. அதில் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் விட்டு V வடிவில் விரித்து, தோலையும் தசையையும் மேலே தூக்குங்கள். கத்தியின் கூர் வானத்தைப் பார்த்தபடி, அந்த இரண்டு விரல்களுக்கு நடுவில் நெஞ்செலும்புவரை நகரட்டும். விரல்கள் குடலை அமுக்கிக்கொண்டே போவதால் கூர் அதைத் தொடாது.

அடுத்து உதரவிதானத்தை விலாவோரமாக இருபுறமும் அறுத்து, நெஞ்சுக்குள் கைவிட்டு மூச்சுக்குழாயை எட்டுகிற அளவு மேலே பிடித்து வெட்டுங்கள். கத்தி கண்ணுக்குத் தெரியாத இடம் இது. சொந்த விரலை அறுத்துக்கொள்பவர்கள் இங்கேதான் அறுத்துக்கொள்கிறார்கள். பிடித்த கை எங்கே, கூர் எங்கே என்று தெரிந்த பிறகே அழுத்துங்கள். மூச்சுக்குழாயைப் பிடித்து வால்பக்கம் இழுத்தால் எல்லாம் ஒன்றாக வரும். மூத்திரப்பையைக் கழுத்தில் கிள்ளிப் பிடித்துத் தனியாக எடுங்கள். பின்னங்காலின் உள்மூட்டில் உள்ள கருத்த மயிர்ச் சுரப்பியைத் தொட்ட கையால் கறியைத் தொடாதீர்கள்.

இரைப்பை கிழிந்துவிட்டால் ஓடைத் தண்ணீரில் கழுவாதீர்கள்; அழுக்கு பட்ட கறியைச் சீவி எறிந்து, குடிநீரால் அலசி, உடனே துணியால் ஈரம் போகத் துடையுங்கள். காற்று 40 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் இருந்தால் வயிற்றுக்குள் ஐஸ் பைகளைத் திணித்து, அன்றே குளிர்ப்பதனத்துக்குக் கொண்டுபோங்கள். மானை எடுத்த மறுநாள் மாலை 5 மணிக்குள், மாநிலத்தின் 'கேம்ரெக்' முறையில் அந்த மானைப் பதிவு செய்து முடித்திருக்க வேண்டும்.

மான்களின் மூளையைத் தாக்கும் சி.டபிள்யூ.டி. (Chronic Wasting Disease) நோய்க்கு சோதனை செய்யத்தான் வேண்டுமா? பக்கத்து வீட்டுக்காரர் இத்தனை வருடம் சாப்பிட்டும் ஒன்றும் ஆகவில்லை என்கிறார்.
– வாசகி, மில்வாக்கி

செய்யுங்கள். விஸ்கான்சினில் இந்த நோய் 2002-ல் கண்டுபிடிக்கப்பட்டது; இன்று மாநிலத்தின் தெற்குப் பகுதியில் நன்றாக வேரூன்றிவிட்டது. கிருமியால் வருவதல்ல, பிரியான் என்னும் உருக்குலைந்த புரதத்தால் வருவது. அதனால் சமைத்தாலும் உறையவைத்தாலும் அழியாது. தொற்றிய மான் ஒரு வருடத்துக்கு மேல் கொழுகொழுவென்றுதான் திரியும், பார்த்துக் கண்டுபிடிக்க வழியில்லை. மனிதருக்கு வந்ததாக இதுவரை உறுதியான தகவல் இல்லை. இருந்தாலும், நோய் உள்ள மானைச் சாப்பிட வேண்டாம் என்றே அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்கிறது. சோதனை இலவசமாகக் கிடைக்கும்போது ஊகத்தில் சாப்பிட என்ன அவசியம்?

தலையை 5 இன்ச் கழுத்தோடு வெட்டி, மாநிலம் வைத்திருக்கும் சோதனைப் பெட்டகத்தில் படிவத்தோடு போடுங்கள். தொண்டைக்குப் பின்னால் உள்ள நிணநீர்க் கணுக்களைத்தான் எடுத்துப் பார்க்கிறார்கள். தலையை ஒட்டி வெட்டினால் அது போய்விடும். முடிவு வர இரண்டு வாரம்வரை ஆகலாம். அதுவரை பொட்டலங்களில் தேதியும் பதிவு எண்ணும் எழுதி, ஃப்ரீஸரில் தனித் தட்டில் வையுங்கள். கறிக்கடையில் வெட்டக் கொடுத்தால் உங்கள் மானைத் தனியாக அரைக்கச் சொல்லுங்கள். பல மான்களை ஒன்றாக அரைத்தால் உங்கள் சோதனைக்கு அர்த்தமே இல்லை. முதுகெலும்பை ரம்பத்தால் அறுக்காமல் கறியை எலும்பிலிருந்து உரித்தெடுங்கள். எவர்சில்வர் கத்தியை ஒட்டிய சதை இல்லாமல் தேய்த்துக் கழுவி, 4 பங்கு வீட்டு பிளீச், 6 பங்கு தண்ணீர் கலந்ததில் 5 நிமிடம் ஊறவையுங்கள். மிச்ச எலும்பைக் காட்டில் கொட்டாமல் குப்பைக் கிடங்குக்கு அனுப்புங்கள்.

நவம்பரிலும் உண்ணி இருக்குமா?
– வாசகர், ஓ கிளேர்

இருக்கும். உறைநிலைக்கு மேல் வெயில் அடிக்கும் நாளில் வளர்ந்த மான் உண்ணிகள் நடமாடும். செத்த மான் குளிரக் குளிர அவை இறங்கி உங்கள்மேல் ஏறும். இழுத்து வரும்போதுதான் அதிகம். உடைக்கு பெர்மெத்ரின் என்னும் பூச்சிக்கொல்லியைத் தெளித்துக் காயவைத்துப் போடுங்கள், தோலில் தெளிக்கக் கூடாது. கடித்திருந்தால் நுனி மெல்லிய சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். உண்ணி ரத்தம் குடித்து உப்பியிருந்தால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவரைப் பாருங்கள்.

மட்டன் குழம்பு போலவே வைக்கிறேன், ஆனால் மான்கறியில் ஒரு வாடை வருகிறது, ரப்பர் மாதிரியும் இருக்கிறது. இங்கே உப்புக்கண்டம் போட முடியுமா?
– வாசகி, ஆப்பிள்டன்

வாடை கறியில் இல்லை, கொழுப்பில். ஆட்டுக்கொழுப்பு குழம்புக்குச் சுவை கொடுக்கும். மான்கொழுப்பு மெழுகு மாதிரி, ஆறியதும் அண்ணத்தில் படியும். வெள்ளைக் கொழுப்பையும் கறிமேல் பளபளக்கும் சவ்வையும் ஒன்று விடாமல் உரித்துவிடுங்கள். பிறகு மஞ்சள்தூள், உப்பு, தயிர் போட்டு ஃப்ரிட்ஜில் ஓர் இரவு.

எல்லாத் துண்டையும் ஒரே மாதிரி வேகவைப்பதால்தான் ரப்பராகிறது. முதுகுக்கறியும் உள் இடுப்புக்கறியும் மென்மையானவை. அவற்றைக் குழம்பில் போடுவது வீண். ஒன்றரை இன்ச் கனத்தில் வெட்டி, மிளகும் உப்பும் தடவி, காய்ந்த இரும்புக்கல்லில் நல்லெண்ணெய் விட்டு இருபுறமும் சிவக்கவிட்டு, உள்ளே 145 டிகிரி ஃபாரன்ஹீட் வந்ததும் எடுத்து 3 நிமிடம் வையுங்கள். தோளும் காலும்தான் குழம்புக்கு: குக்கரில் 6, 7 விசில், பிறகு சிறுதீயில் 20 நிமிடம். கறியில் கொழுப்பே இல்லாததால் வழக்கத்தைவிட இரண்டு கரண்டி எண்ணெய் கூடுதலாக வேண்டும், தேங்காய் அரைத்து விட்டால் இன்னும் நல்லது. கோலா உருண்டை உதிர்கிறது என்றால் அதுவும் கொழுப்புக் குறைவால்தான். ஒரு கிலோ கொத்துக்கறிக்கு 150 கிராம் ஆட்டுக்கொழுப்பு சேர்த்து அரைத்து, பொட்டுக்கடலை மாவில் பிடியுங்கள். அரைத்த கறி எப்போதும் 160 டிகிரிவரை வேக வேண்டும்.

உப்புக்கண்டத்துக்கு நவம்பர் வெயில் போதாது. நம் ஊர்ச் சித்திரை வெயில் ஒரே நாளில் மேற்பரப்பைக் காயவைத்துவிடும். இங்கே காய்வதற்குள் கெட்டுவிடும். கறியைப் பாதி உறையவைத்தால் கால் இன்ச் கனத்தில் சீராகச் சீவ வரும். கிலோவுக்கு 30 கிராம் உப்பு, மஞ்சள், மிளகாய்த்தூள் பிசறி ஓர் இரவு வைத்து, முதலில் ஓவனில், கறிக்குள் 160 டிகிரி வரும்வரை சூடாக்குங்கள். அதற்குப் பிறகே 140 டிகிரி டீஹைட்ரேட்டரில். முதலில் சூடாக்காமல் நேராக உலர்த்தத் தொடங்கினால், கறி காயக் காயக் கிருமிகள் வெப்பத்துக்குப் பழகி உயிர் பிழைக்கும். வளைத்தால் விரிசல் விட வேண்டும், இரண்டாக ஒடியக் கூடாது. முழுவதும் ஆறிய பிறகு கட்டி ஃப்ரீஸரில் போடுங்கள். ஊரில் போல உறியில் தொங்கவிட வேண்டாம்.